சின்ன வானம்பாடியும் அதன் ஊர் வகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிப்படுகைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் பறவை நோக்க வருபவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டு வரும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்து நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

வானம்பாடி என்று உண்மையிலேயே ஒரு பறவை இருக்கிறதா? கவிஞர்கள் வைத்த பெயர் என்றல்லவா நினைத்தேன்?

இருக்கிறது, ஒன்றல்ல, பல. வானம்பாடிக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ நூறு இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் திறந்த வெளிகளில் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலும் சாம்பல்தலை வானம்பாடி, செவ்வால் வானம்பாடி, புதர் வானம்பாடி என்று சில இனங்கள் உண்டு. பெயருக்கு முழுப் பொருத்தமாக வான் உயரத்தில் நின்று நெடுநேரம் பாடுவது சின்ன வானம்பாடி. இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதே.

இதன் அறிவியல் பெயர் அலாடா குல்குலா. கல்கத்தாவுக்கும் காசிக்கும் இடையிலும் விந்திய மலைப் பகுதியிலும் பறவைகளைத் திரட்டிய ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் 1831-ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்டார். கிழக்கு ஈரான், நடு ஆசியா தொடங்கி இந்தியத் துணைக்கண்டம், இலங்கை, திபெத்தியப் பீடபூமி, சீனா, தைவான், தென்கிழக்கு ஆசியா, பிலிப்பைன்ஸ் வரை இது பரவியிருக்கிறது.

எப்படி இருக்கும்? எவ்வளவு நேரம் பார்த்தாலும் தரையில் எதுவும் தெரியவில்லையே.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. நீளம் 16 சென்டிமீட்டர் அளவு, எடை 30 கிராமுக்குள். மேலுடல் மங்கிய பழுப்பு, அதன்மீது கருங்கீற்றுகள், மார்பில் மெல்லிய கோடுகள், வயிறு வெளிறியது. தலையில் சிறிய கொண்டை ஒன்று உண்டு. அது எப்போதும் நிமிர்ந்திருப்பதில்லை, பறவை எச்சரிக்கையாகும்போதுதான் எழும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு சொல்வது கடினம்.

கண்ணுக்குத் தெரியாமல் போவதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த நிறத்தில் பதுங்கியிருப்பதே அதன் முதற்பாதுகாப்பு. நாம் சில அடி தூரத்துக்கு வரும்வரை அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று எழும். ஆகையால் கண்ணால் தேடுவதை நிறுத்திவிட்டு, காலை வெயில் ஏறும் நேரத்தில் காதால் தேடுங்கள். பாட்டு வரும் திசையில் அண்ணாந்து பார்த்தால் ஒரு புள்ளி சிறகடித்துக்கொண்டு நிற்பது தெரியும். அது இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் தரையிலும் காணலாம்.

நான் பார்த்ததை வயல் நெட்டைக்காலி என்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

நிறத்தை வைத்து முடிவெடுத்தால் குழப்பமே மிஞ்சும். உடல்வாகையும் நடத்தையையும் பாருங்கள். நெட்டைக்காலி ஒல்லியானது, கால் நீண்டது, நிமிர்ந்து நிற்பது, வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது, கொண்டை இல்லாதது. வானம்பாடி தடித்த உடலோடு தாழ்ந்து நடக்கும். நெட்டைக்காலியும் இனப்பெருக்கக் காலத்தில் மேலே எழும்பிக் குரல் கொடுக்கும். ஆனால் அது சில மீட்டர் உயரத்தில் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு இறங்கிவிடும். வானம்பாடி பாடுவது இடைவெளியில்லாத நீண்ட பாட்டு.

காலின் பின்புறத்தையும் அறிஞர்கள் பார்ப்பார்கள். பெரும்பாலான பாடும் பறவைகளுக்குக் கணுக்காலின் பின்பக்கம் ஒரே தகடாக இருக்கும். வானம்பாடிக் குடும்பத்தில் அது பல சிறு செதில்களாகப் பிரிந்திருக்கும். களத்தில் இது பயன்படாது என்றாலும், இந்தக் குடும்பத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த அடையாளங்களில் இதுவும் ஒன்று.

மின்கம்பியில் உட்கார்ந்து பாடிய ஒன்றைப் படம் எடுத்தேன். அது சின்ன வானம்பாடியா?

பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கம்பி, வேலிக்கல், புதர் உச்சி ஆகியவற்றில் அமர்ந்து பாடுவது ஜெர்டான் புதர் வானம்பாடி. தடித்த அலகு, குட்டை வால், சிறகில் செம்பழுப்பு, கொண்டை இல்லாத தலை என்று இருக்கும். அமர்ந்த இடத்திலிருந்து சிறிது எழும்பி, சிறகை விரித்து, காலைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கி, பெரும்பாலும் பழைய இடத்திலேயே அமரும். இந்தப் பறவையின் கதை பின்னால் ஒரு பதிலில் மீண்டும் வரும்.

உட்கார்ந்து பாடினால் போதாதா? ஏன் அவ்வளவு உயரத்துக்குப் போய்ப் பாட வேண்டும்?

காட்டுப் பறவைக்குக் கிளை இருக்கிறது. புல்வெளியில் உயரமான இடம் என்று எதுவும் இல்லை. தரையில் நின்று பாடினால் புல்லே ஒலியை விழுங்கிவிடும். அதனால் வானத்தையே மேடையாக்கிக்கொண்டது இந்தப் பறவை. ஆண் செங்குத்தாக மேலேறி, படபடவென்று சிறகடித்து ஓரிடத்தில் நின்று, பல நிமிடங்கள் மூச்சு விடாததுபோலப் பாடுகிறது; இடையிடையே பிற பறவைகளின் குரலையும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. பின்பு பாட்டை நிறுத்தி, சிறகை மடக்கி, கல் விழுவதுபோல இறங்கித் தரைக்கருகே சிறகை விரித்து அமர்கிறது. 'இந்த நிலம் என்னுடையது' என்று மற்ற ஆண்களுக்கும், 'இங்கே வா' என்று பெண்ணுக்கும் ஒரே பாட்டில் செய்தி போகிறது.

இத்தனை உழைப்போடு பாடுவது அதன் உடல் வலிமைக்கும் சான்றாகிறது. இதன் நெருங்கிய உறவான ஐரோப்பிய வானம்பாடியைச் சிறிய வல்லூறு துரத்தும்போது அது பறந்துகொண்டே பாடுவதையும், அப்படிப் பாடுவது 'என்னைப் பிடிக்க உன்னால் ஆகாது' என்னும் செய்தியாக அமைவதையும் 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இந்தப் பறவையின்மேல் மதிப்பு கூடியதற்கு அந்தச் செய்தி ஒரு காரணம்.

கூடு எங்கே கட்டும்? தரையில் பறக்கத் தெரியாத குஞ்சு கிடந்தது, எடுத்து வளர்க்கலாமா?

கூடும் தரையில்தான். புல் கொத்தின் அடியிலோ, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்திலோ காய்ந்த புல்லால் சிறு கிண்ணம்போல அமைத்து, பழுப்புப் புள்ளிகள் கொண்ட இரண்டு முதல் நான்கு முட்டைகள் வரை இடும். வளர்ந்த பறவை விதைகளையும் பூச்சிகளையும் தின்னும்; குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டும்.

குஞ்சை எடுக்காதீர்கள். வானம்பாடிக் குஞ்சுகள் பறக்கப் பழகுவதற்குச் சில நாட்கள் முன்பே கூட்டை விட்டு நடந்து வெளியேறிவிடும். ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் நாய்க்கோ கீரிக்கோ மொத்தமாக இரையாகிவிடும் என்பதால், தனித்தனியே புல்லில் பதுங்கியிருப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. தாய் தேடி வந்து ஊட்டும். கைவிடப்பட்டதுபோலத் தெரிவது நம் கண்ணுக்குத்தான். நீங்கள் விலகி நடந்தால் சிறிது நேரத்தில் தாய் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

உள்ளினம் என்கிறார்களே, அது என்ன? தனி இனத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ஓர் இனத்துக்குள், ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழ்ந்து, நிறத்திலோ அளவிலோ மற்ற பகுதிப் பறவைகளிலிருந்து ஓரளவு வேறுபட்டு நிற்கும் கூட்டத்தை உள்ளினம் என்கிறோம். இனத்தின் பெயர் இரண்டு சொல். உள்ளினத்துக்கு மூன்றாவது சொல் சேரும். இரண்டு உள்ளினங்கள் சந்திக்கும் இடத்தில் அவை தங்களுக்குள் இணைந்து இடைப்பட்ட குஞ்சுகளைப் பெறும். தனித்தனி இனங்கள் என்றால், ஒரே வெளியில் வாழ்ந்தாலும் பெரும்பாலும் கலக்காமல் தத்தம் வழியில் இருக்கும்.

ஒரே தமிழ் ஊருக்கு ஊர் வேறு வழக்காக ஒலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வேறுபாடு தெரிபவை. ஆயினும் எந்த ஊர் எல்லையில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பல உள்ளினங்களும் அப்படித்தான்.

மொத்தம் எத்தனை வகை? எங்கெங்கே இருக்கின்றன?

வழக்கமாக ஏற்கப்படுவது 13. மேற்கிலிருந்து தொடங்கினால், தெற்குக் கஜகஸ்தானிலிருந்து கிழக்கு ஈரான், வடமேற்கு இந்தியா வரை இன்கான்ஸ்பிகுவா. 'கண்ணில் படாதது' என்பது அந்தச் சொல்லின் பொருள், நிறமும் வெளிறியதே. பாமீரிலும் மேற்கு இமயத்திலும் 'லாமாரும்', திபெத்தியப் பீடபூமியில் இனோபினாட்டா, கிழக்கு இமயத்திலும் தென்மேற்குச் சீனத்திலும் வெர்னயி வாழ்கின்றன. வட இந்தியாவிலிருந்து இலங்கை வரையிலும் கிழக்கே வட இந்தோசீனம் வரையிலும் பரந்திருப்பது ஃப்ராங்க்ளின் முதலில் பெயரிட்ட குல்குலா. மேற்கு நடு இந்தியாவில் உள்ளதை ஹுமாயூன் அப்துலலி 1976-இல் பிரித்துக் காட்டி, பாவ்நகரைச் சேர்ந்த பறவையியலாளர் தர்மகுமார்சிங்ஜியின் பெயரைச் சூட்டினார். தென்மேற்கு இந்தியாவுக்கு உரியது ஆஸ்ட்ராலிஸ், அதாவது 'தெற்கத்தியது'.

கிழக்கே நடுச் சீனத்தில் வைகோல்டி, தென்கிழக்குச் சீனத்தில் சீலிவாக்ஸ், ஹைனான் தீவில் சாலா, தைவானில் வாட்டர்சி, தாய்லாந்துப் பகுதியில் ஹெர்பர்ட்டி, பிலிப்பைன்ஸில் வுல்ஃபி. சீலிவாக்ஸ், சாலா, வாட்டர்சி ஆகிய மூன்றுக்கும் பெயரிட்டவர் சீனத்தில் பிரித்தானியத் தூதரகப் பணியில் இருந்த ராபர்ட் ஸ்வின்ஹோ. 1859-இல் அவர் தேர்ந்த சீலிவாக்ஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு 'வானத்துக் குரல்' என்று பொருள். நம்மவர்கள் வைத்த பெயருக்கு மிக அருகில் அவரும் வந்து நின்றிருக்கிறார்.

நம் ஊரில் இருப்பது எது? ஊட்டியில் பார்த்ததும் ஏரியில் பார்த்ததும் ஒன்றா?

இனம் ஒன்று, உள்ளினம் வேறு. கிழக்குச் சமவெளியின் ஏரிப்படுகைகளிலும், கடலோர ஈரப் புல்வெளிகளிலும், இலங்கையின் வறண்ட தாழ்நிலங்களிலும் வாழ்வது குல்குலா. நீலகிரி முதலான மேற்குமலை உச்சிப் புல்வெளிகளில் வாழ்வது ஆஸ்ட்ராலிஸ். இதை 1873-இல் டபிள்யூ. ஈ. புரூக்ஸ் பெயரிட்டுப் பிரித்தார். மலையில் உள்ளது கருமை கூடியது, கீற்றுகள் தடித்தவை, செம்பழுப்பு மிகுந்தது.

மலைப்பறவையும் சமவெளிப் பறவையும் நேர்க்கோட்டில் அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் நடுவே மலைச்சரிவுக் காடு இருக்கிறது. காட்டுக்குள் நுழையாத பறவைக்கு அது கடலைப்போல.

இடத்துக்கு இடம் ஏன் நிறம் மாறுகிறது? அந்த ஊர் மண் ஒட்டிக்கொள்வதாலா?

மண் ஒட்டுவதும் சிறிது உண்டு. செம்மண் நிலத்தில் புரளும் பறவையின் வயிறு செந்நிறமாகத் தெரியும். ஆனால் உள்ளின வேறுபாடு அதனால் வருவதில்லை, அது பிறவியிலேயே வருவது. வெளிறிய நிலத்தில் கருமையான பறவை வைரி என்னும் வேட்டைப்பறவையின் கண்ணில் எளிதில் படும். அது முந்தி இரையாகிவிடுவதால் வெளிறியவை மிஞ்சிக் குஞ்சு பொரிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது பறவையின் முதுகு நிலத்தின் நிறத்தை நெருங்குகிறது. நடு ஆசிய வறள்வெளியின் இன்கான்ஸ்பிகுவா வெளிறியிருப்பதும், மழை மிகுந்த மலையின் ஆஸ்ட்ராலிஸ் கறுத்திருப்பதும் இவ்வழியில்தான் விளங்கும். ஈரப்பதம் மிக்க நாட்டில் விலங்குகளின் நிறம் அடர்வதைக் குளோகர் விதி என்பார்கள். குளிர்நாட்டில் உடல் பெரிதாவது பெர்க்மன் விதி.

இடம்பெயர்வும் உடலை மாற்றுகிறது. வடக்கத்திய வகைகள் குளிர்காலத்தில் தாழ்நிலங்களுக்கும் தெற்குக்கும் இறங்குகின்றன. தென்னிந்தியாவில் உள்ளவை ஆண்டு முழுவதும் தங்கியிருப்பவை. நெடுந்தொலைவு பறக்கும் கூட்டத்துக்குச் சிறகு நீண்டிருப்பது பறவை உலகில் பொதுவாகக் காணப்படுவது.

ஒரு படம் அனுப்புகிறேன், எந்த உள்ளினம் என்று பார்த்துச் சொல்வீர்களா?

படத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன், சொல்பவர்களையும் நம்பாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன நிற வேறுபாடுகள் படிப்படியாக மாறுபவை, அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பறவைத் தோல்கள் பலவற்றை வரிசையாக அடுக்கி வைத்தால்தான் தெளிபவை. மேலும், புதிதாக இறகு மாற்றிய பறவை செழுமையான நிறத்தில் இருக்கும். அதே பறவை கூடு கட்டி முடித்த பின் இறகு விளிம்பு தேய்ந்து, கருங்கீற்று எடுப்பாகி, வேறொரு பறவைபோலத் தோன்றும். காலை வெயிலும் கேமராவும் தம் பங்குக்கு நிறத்தை மாற்றும்.

ஆகவே குறிப்பேட்டிலோ, இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவுத் தளத்திலோ இனத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, இடம், நாள், புல்லின் உயரம், பாடியதா இல்லையா ஆகியவற்றைக் கவனமாக எழுதுங்கள். முடிந்தால் பாட்டைப் பதிவு செய்யுங்கள். என் கணிப்பில், ஊகித்து எழுதிய மூன்றாவது சொல்லைவிட ஒரு நல்ல ஒலிப்பதிவு நூறு மடங்கு மேல்.

ஐரோப்பாவில் புகழ்பெற்ற வானம்பாடியும் இதுவும் ஒன்றுதானே?

ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு), வேறு இனம். ஐரோப்பிய வானம்பாடி உடலில் பெரியது, வாலும் சிறகும் நீண்டது. அதன் வாலோரமும் சிறகின் பின்விளிம்பும் வெண்மையானவை. நம்முடையதில் அவை மங்கிய பழுப்பு. எழும்போது நம்முடையது 'பஸ்ஸ்' என்று ரீங்காரமாக ஓர் ஒலி எழுப்பும்; பழகிய காதுக்கு இதுவே போதும். ஐரோப்பிய இனம் குளிர்காலத்தில் வடமேற்கு இந்தியா வரை வரும். தமிழ்நாட்டில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் பேரினத்தில் இன்னொன்றும் உண்டு. அட்லாண்டிக் கடலில், கேப் வெர்டேயின் ராசோ என்னும் சிறு தீவையே இயல்பான வாழிடமாகக் கொண்ட ராசோ வானம்பாடி அது. ஆசியா முழுவதும் விரிந்த ஓர் உறவுக்கும் ஒரு பாறைத்தீவில் ஒடுங்கிய ஓர் உறவுக்கும் ஒரே குடும்பப்பெயர்.

பட்டினப்பாலையில் மழைத்துளியை உண்ணும் பறவை வருகிறதே, அது இதுதானா?

'தற்பாடிய தளி உணவின் புள் தேம்பப் புயல் மாறி' என்பது அந்த இடம். தன்னைப் பாடி, தன் துளியையே உணவாகக் கொள்ளும் பறவை வாடும்படி மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்கிறது பாட்டு. உரைகாரர் அந்தப் புள்ளை வானம்பாடி என்றே கொண்டனர். வானத்தை நோக்கிப் பாடுவது என்ற அளவில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் மழைத்துளியை மட்டும் அருந்தும் பறவை என்பது வடமொழி மரபில் சாதகப் பறவையின் இலக்கணம். அதைச் சுடலைக்குயில் என்று பலர் அடையாளம் காண்கின்றனர்.

சுடலைக்குயில் தென்மேற்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது என்பது வட இந்தியாவுக்குப் பொருந்தும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது இங்கேயே தங்கும் வேறோர் உள்ளினம். ஆகவே 'மழையோடு வரும் பறவை' என்ற வாதத்தைக் காவிரிக் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. பாட்டில் வரும் புள் ஒரு கவிமரபு என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சின்ன வானம்பாடி மற்ற பல பறவைகளையும்போலத் தரையில்தான் தண்ணீர் குடிக்கும்.

இன்று உள்ளினமாக இருப்பது நாளை தனி இனமாகுமா?

ஆகலாம், இந்தக் குடும்பத்திலேயே ஆகியிருக்கிறது. மேலே மின்கம்பியில் பாடியதாகச் சொன்ன ஜெர்டான் புதர் வானம்பாடி, முன்பு வங்கப் புதர் வானம்பாடியின் உள்ளினமாக வைக்கப்பட்டிருந்தது. பறவையியலாளர் பெர் ஆல்ஸ்ட்ரோம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் பாட்டையும் பறக்கும் முறையையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்துக் காட்டினார். தோலில் சிறிதாகத் தெரிந்த வேறுபாடு பாட்டில் பெரிதாக இருந்தது. அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, தோற்றத்தை நம்பி வானம்பாடிகளை அடுக்கிய பழைய வரிசையில் பல பிழைகள் இருப்பதையும் வெளிப்படுத்தியது. மாறாக, ஜப்பானிய வானம்பாடியைத் தனி இனமாகச் சிலர் கொண்டிருந்து, இன்று பலர் ஐரோப்பிய வானம்பாடியின் உள்ளினமாகவே வைக்கிறார்கள். கதவு இருபுறமும் திறக்கும்.

பாட்டு நன்றாக இருக்கிறதே, கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், செங்குத்தாக மேலேறிப் பாடும் பறவைக்கு ஓரடி உயரக் கூண்டைக் கொடுப்பது கொடுமை.

இவ்வளவு பரவியிருக்கும் பறவைக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

இனத்தை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அழிவின் விளிம்பில் இல்லை. பன்னாட்டுச் செம்பட்டியலிலும் கவலை குறைந்த பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பீடு ஈரான் முதல் பிலிப்பைன்ஸ் வரை கூட்டிப் பார்த்தது. நீலகிரியிலோ உங்கள் ஊர் ஏரியிலோ பாட்டு நின்றுபோனால் அந்தப் பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாது. ஊர் வகைகளைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணமே இதுதான்: ஆஸ்ட்ராலிஸ் போனால் அந்த இடத்துக்குச் சமவெளிப் பறவை வந்து நிரப்பிவிடும் என்று எண்ண முடியாது.

மலைப் புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றை நட்ட தோட்டங்கள் பெருமளவு இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதாக 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023-ஆம் ஆண்டு அறிக்கையும், கடுமையாகக் குறைந்துவரும் பறவைகளில் புல்வெளியையே நம்பியவை முன்வரிசையில் இருப்பதாகச் சொல்கிறது.

எங்கள் இளைஞர் மன்றம் ஏரியை ஒட்டிய தரிசில் மரம் நடப் போகிறது. பறவைகளுக்கு நல்லதுதானே?

மரத்தில் வாழும் பறவைகளுக்கு நல்லது. அங்கே ஏற்கெனவே வாழும் பறவைகளுக்கு அல்ல. வருவாய்க் கணக்கில் 'தரிசு', 'மேய்ச்சல் புறம்போக்கு' என்று எழுதப்பட்டிருப்பதால் அந்த நிலம் வெறுமையாகிவிடாது. வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி, ஆள்காட்டி எல்லாம் அந்தத் தரையிலேயே முட்டையிடுகின்றன. மரம் வளர்ந்தால் காகத்துக்கும் வைரிக்கும் உட்கார இடம் கிடைக்கும். கூட்டைப் பற்றிய பதிலைப் படித்திருந்தால் அதன் விளைவு உங்களுக்குப் புரியும். அளவான மேய்ச்சல் புல்லைக் குட்டையாக வைத்து இந்தப் பறவைக்கு உதவக்கூடச் செய்கிறது.

மரம் நடும் எண்ணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. தெருவோரம், பள்ளி வளாகம், ஏற்கெனவே மரம் இருந்து அழிந்த கரை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். குழி வெட்டுவதற்கு முன், மார்ச் முதல் ஜூலை வரை ஏதேனும் நான்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்தத் தரிசின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்று, மேலே எத்தனை வானம்பாடிகள் பாடுகின்றன என்று எண்ணி எழுதி வையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மன்றக் கூட்டத்துக்குப் போங்கள்.